காற்றாலைக்குப் போன கோழிப்பெட்டிகள்

தொண்ணூறு நிமிடம். றோஸ் பிலேந்திரன் அறிவிக்கும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் இடையில் பல வருடங்களாக இருந்துவந்த தூரம் அது.

ஒஸ்லோவின் ஸ்தோவ்னர் பகுதியில் தமிழர்களுக்காக எதை ஒழுங்கு செய்தாலும் றோஸ்தான் ஒழுங்கு செய்வார். நத்தார் ஒளிவிழா, விளையாட்டுப் போட்டி, ஜூன் மாதத்துச் சுற்றுலா எல்லாம் அவர் தலையில். முதல் சுற்றுலாவிலேயே ஒரு பாடம் கிடைத்தது. பஸ் ஒன்பதரைக்குப் புறப்படும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சனம் பதினொரு மணிக்கு வந்து, ஏன் இன்னும் கதவு திறக்கவில்லை என்று கேட்டது. அடுத்த வருடம் எட்டு மணி என்று சொன்னார். எல்லோரும் ஒன்பதரைக்கு வந்தார்கள். பஸ் ஒன்பதரைக்குப் போனது. மூன்றாவது வருடத்தில் விசயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது; இருந்தும் ஒருவரும் மாறவில்லை. றோஸ் எட்டு என்றால் ஒன்பதரை, ஐந்து என்றால் ஆறரை. யாரையும் ஏமாற்றாத பொய் என்பதால் அதைப் பொய் என்றே யாரும் எண்ணவில்லை. "றோஸக்கா ரைம்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

வேலையில் அவர் வேறு ஆள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு. பன்னிரண்டு அடிக்கும்போது உருளைக்கிழங்கு மேசையில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் தொண்ணூறு வயதுக்காரர்கள் கரண்டியால் மேசையில் தட்டுவார்கள். றோஸ் அங்கே ஒருநாளும் பிந்தியதில்லை. பஸ்ஸில் ஏறும்போது நோர்வே நேரம், இறங்கும்போது தமிழ் நேரம் என்று இரண்டையும் ஒரே கைக்கடிகாரத்தில் வைத்துச் சமாளித்தார்.

ஊர்காவற்றுறையில் பிறந்தவர். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்து, வடமுனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்றார். அங்கிருந்து ஒஸ்லோ. 2003ஆம் ஆண்டு அவருக்கு நாற்பத்தாறு வயது. அவ்வளவு காலமும் நோர்வேயில் தான் கண்டது மீன், உருளைக்கிழங்கு, சுவீடன் கோழி ஆகிய மூன்றும்தான் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

சுவீடன் கோழிக்குக் காரணம் சூசைரட்ணம். ஐம்பத்தெட்டு வயது, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் களஞ்சிய வேலை, யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான பாசையூரின் குரல். சுற்றுலா என்றால் எல்லை தாண்டிப் போய் மலிவாக இறைச்சி வாங்கிவருவது என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் பஸ் நேரே சுவீடனுக்குப் போகும். ஆட்கள் குளிரூட்டிகளுக்கு நடுவே ஓடித் திரிவார்கள். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் நின்று சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். சூசைரட்ணத்திடம் நீல நிறத்தில் மூன்று பெரிய குளிர்பெட்டிகள் இருந்தன. ஊரே அவற்றைக் கோழிப்பெட்டி என்று அழைத்தது. குடும்பப் படங்களில்கூட அவை நின்றன.

அந்த வருடம் சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில், ஜூன் மாதத்துப் பக்கத்தில் ஒரு காற்றாலை இருந்தது. மொஸ் நகரத்துக்குத் தெற்கே, ஃபியோர்ட் என்ற கடற்கழியின் ஓரத்துக் குன்றில், மரத்தால் கட்டிய இருநூறு வருடத்துப் பழைய ஆலை. நான்கு பெரிய இறக்கைகள். றோஸ் ஜனவரியிலேயே தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டார். அது இன்னும் சுற்றுமா என்று அறிய ஆசை வந்தது. நாட்காட்டியின் அடியில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஓட்வார் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் பேசினார். ஊர்ச் சங்கத்துக்காக ஆலையைப் பராமரிப்பவர் அவர். வருடத்தில் ஒரே ஒருநாள், ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை சுற்றவிடுவோம், பார்லி அரைப்போம், வாருங்கள் என்றார். றோஸுக்கு அன்று உருளைக்கிழங்கு உரிக்க உரிக்கச் சிரிப்பு வந்தது.

மார்ச் மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. காற்றாலையில் என்ன வாங்கலாம் என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் வாங்கத் தேவையில்லை, பார்க்கலாம் என்றார் றோஸ். கை உயர்த்தியபோது காற்றாலை ஒரு கை வித்தியாசத்தில் வென்றது. அந்தக் கை மங்களேஸ்வரியுடையது. புதுச் சேலை ஒன்றில் படம் எடுக்கப் பின்னணி தேவைப்பட்டதால் உயர்த்தியதாக அவர் பிறகு சொன்னார்.

சூசைரட்ணம் எழுந்து ஒரு நிபந்தனை வைத்தார்.

"நல்லது பிள்ளை, போவம். ஆனா அங்கை காத்தாடி சுத்தாட்டி, அடுத்த வருசம் தொடக்கம் சுவீடன்தான். பிறகு உதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கப்படாது."

"சுத்தினால்?"

"சுத்தினால் நீர் சொல்லுற இடத்துக்கு நான் என்ரை பெட்டியோடை வாறன்."

றோஸ் சம்மதித்தார். வழமையாக வரும் பஸ் அந்தச் சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்குப் போகிறது என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரியவந்தது. ஆகவே ரயில். ரயில் என்றால் தொண்ணூறு நிமிட வித்தை செல்லாது என்று பிலேந்திரன் நினைவூட்டினார். அவர் றோஸின் கணவர், டாக்சி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். எட்டரை ரயிலுக்கு ஏழு என்று சொல்லலாமே என்று றோஸ் முதலில் யோசித்தார். ஆனால் யாராவது இந்த முறை ரயில்தானே என்று பயந்து உண்மையாகவே ஏழு மணிக்கு வந்து, நிலையத்தில் காத்துக் கிடந்துவிட்டுக் கோபித்தால்? அதோடு ரயில் விசயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும் என்று ஏனோ மனதில் பட்டது. ஒன்பது மணி ரயிலைத் தெரிவுசெய்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, எட்டே முக்காலுக்கு ஒஸ்லோ மத்திய நிலையத்தில் நிற்க வேண்டும், இது உண்மையான நேரம் என்றார்.

எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள். "ஓம் அக்கா, ஓம்" என்றார்கள். போன வருடமும் இது உண்மையான நேரம் என்று சொன்னது அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

ஜூன் பதினான்கு, வானத்தில் ஒரு முகிலும் இல்லை. எட்டே முக்காலுக்கு நிலையத்தின் பெரிய மண்டபத்தில் மூன்றே பேர் நின்றார்கள். றோஸ், பிலேந்திரன், சூசைரட்ணம். பிலேந்திரனின் கையில் கோழிப் புரியாணிச் சட்டி. அவரது காலடியில் சின்னதாக ஒரு மரக்கறிச் சட்டி. சூசைரட்ணம் மடிப்புக் குலையாத சேட்டோடு, மூன்று கோழிப்பெட்டிகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். எட்டரைக்கே வந்துவிட்டாராம். அவர் ஒருநாளும் எதற்கும் நேரத்துக்கு வந்தவரில்லை. இன்றைக்கு வந்தது றோஸ் தோற்பதை முதல் வரிசையில் இருந்து பார்ப்பதற்காக. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

பெட்டிகள் எதற்கு என்று றோஸ் கேட்டார்.

"எதுக்கும் கிடக்கட்டும்."

றோஸ் தொலைபேசியை எடுத்தார். முதல் வீட்டில் ஆள் குளித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வீட்டில் தேங்காய்ப்பூப் போட்டுப் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. மங்களேஸ்வரி வீட்டில் சேலைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பதறாமல் பேசினார்கள். பத்தேகாலுக்கு டாண் என்று நிற்போம் என்று உறுதி சொன்னார்கள். சொல்லிய நேரத்துக்கு வருவதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

றோஸ் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். இனி ஒன்றும் செய்ய முடியாது. மூன்று பேரும் இரண்டு சட்டியும் மூன்று வெறும் பெட்டியும் காற்றாலைக்குப் போகலாம். போனால், கூட்டத்தில் சூசைரட்ணம் என்ன சொல்வார் என்பது இப்போதே காதில் கேட்டது.

அப்போது பலகையில் எழுத்துகள் புரண்டன. ஒன்பது மணி ரயில் பிந்தும். சிக்னல் பழுது.

மண்டபம் முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. முதுகுப்பையோடு நின்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஒரு தகப்பன் பலகையைப் பார்த்துக் கையை விரித்தார். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு தமிழ்ப் பெண் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நோர்வேக்கார மூதாட்டி, அழுகிறார் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு அரை மணித்தியாலம் பிந்தும் என்றார்கள். பிறகு ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு முறை எழுத்து புரளும்போதும் றோஸின் முகம் மலர்ந்தது, சூசைரட்ணத்தின் முகம் சுருங்கியது. பத்து மணி தாண்டியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பட்டும் சப்பாத்துமாக, பொரித்த றோல்ஸ் பெட்டிகளோடும் தேநீர்ப் போத்தல்களோடும், நிலக்கீழ் ரயிலில் இருந்து படியேறி வந்தார்கள். கடைசியாக மங்களேஸ்வரி, மயில் கழுத்து நிறச் சேலையில், விசிறியோடு வந்தார். மணி பத்தேகால்.

"எட்டே முக்கால் எண்டால் பத்தேகால்தானே அக்கா. எங்களுக்குத் தெரியாதே உங்கடை ரைம்?"

றோஸ் பலகையைப் பார்த்தார். அதில் இப்போது பிந்தல் பற்றிய சொல் மட்டும் நின்றது. பழைய நேரம் மறைந்துவிட்டது. இருபத்திரண்டு பேரும் சரியான நேரத்துக்கு வந்துவிட்ட திருப்தியோடு நின்றார்கள். ரயில் ஒன்பது மணிக்கே போயிருக்க வேண்டியது என்பது ஒருவருக்கும் தெரியாது. றோஸ் ஆட்களை எண்ணத் தொடங்கினார். சூசைரட்ணம் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தபடி அவரிடம் குனிந்தார்.

"நான் இப்ப சொல்லேல்லை. சொல்ல வேண்டிய இடத்திலை சொல்லுவன்."

சொல்லி முடிக்கவும் ரயிலை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள் என்று ஒலிபெருக்கி சொல்லியது. ரயிலுக்குப் பதிலாக பஸ் வரும். ஒஸ்லோவில் கோடையில் வாழ்பவர்களுக்கு இந்தச் செய்தியின் சுவை தெரியும். எல்லோரும் வெளியே போய், எந்தப் பஸ், எந்த வரிசை என்று தெரியாமல் நின்றார்கள். நோர்வேக்காரர்கள் ஆளுக்கு ஆள் ஒரு கை இடைவெளி விட்டு வரிசையாக நிற்க, அந்த இடைவெளிகளுக்குள் றோல்ஸ் பெட்டி புகுந்தது. மங்களேஸ்வரி தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் நீட்டினார். முதலில் வேண்டாம் என்றவர்கள் இரண்டாம் முறை எடுத்தார்கள். மூன்றாம் முறை அவர்களே பெட்டியைத் தேடினார்கள். அரை மணி நேரத்தில் அந்த வரிசை வரிசையாக இல்லை. கலியாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

பஸ் வந்தது. புரியாணிச் சட்டியை நடைபாதையில் வைக்கக் கூடாது என்றார் சாரதி. மடியில் வைக்கவும் கூடாது. ஆகவே சட்டிக்கு ஒரு இருக்கை கொடுத்து இருக்கைப் பட்டியும் மாட்டினார்கள். பக்கத்தில் உட்காரக் கிடைத்த நோர்வே இளைஞன் மொஸ் வரும்வரைக்கும் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

தெற்கே போகும் நெடுஞ்சாலை ஒன்றுதான். மொஸ்ஸுக்கும் அதுதான், சுவீடனுக்கும் அதுதான். வழிகாட்டிப் பலகையில் சுவீடன் நகரம் ஒன்றின் பெயரைக் கண்டதும் சூசைரட்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதை சரியாகத்தான் போகிறது என்று பின் இருக்கைகளுக்கு அறிவித்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த வளைவில் பஸ் நின்றது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள். விபத்து ஒன்றும் இல்லை, சனிக்கிழமை என்றால் இப்படித்தான், எல்லோரும் எல்லைக்குப் போய் மலிவாக இறைச்சி வாங்கப் போகிறார்கள் என்று சாரதி ஒலிவாங்கியில் விளக்கினார்.

இருபத்திரண்டு தலைகள் ஒரே நேரத்தில் சூசைரட்ணத்தின் பக்கம் திரும்பின. அவர் யன்னலுக்கு வெளியே ஒரு மாட்டை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

மொஸ்ஸில் இறங்கும்போது ஒரு மணியாகிவிட்டது. குன்றுக்குப் போகும் ஊர்ப் பஸ் போய்விட்டது. அடுத்தது மூன்று மணிக்கு. ஆலை நிறுத்தும் நேரமும் மூன்று மணி. றோஸ் நிலையத்தின் மூலையில் போய் நின்று ஓட்வாருக்குத் தொலைபேசி எடுத்தார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அவர் கேட்டார். இரண்டு மணி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. மூன்றுக்குப் பிறகுதான் வர முடியும், பஸ் இல்லை என்றார்.

அவசரமே இல்லை என்றார் ஓட்வார். ஆலை காலையிலிருந்து ஒரு சுற்றும் சுற்றவில்லை. காற்று இல்லை. வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நான் ஆள் அனுப்புகிறேன் என்றார்.

றோஸ் திரும்பி வந்தார். என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டார்கள். ஏற்ற ஆள் வருகிறது என்று பாதியை மட்டும் சொன்னார். சூசைரட்ணம் ஆட்காட்டி விரலை நாக்கில் நனைத்து மேலே பிடித்தார். பாசையூரில் பாய்மரத்தோடு வளர்ந்தவர். விரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு இறக்கினார்.

"காத்து இல்லைப் பிள்ளை. இலைகூட ஆடேல்லை." கொஞ்சம் நிறுத்தி, "சரி, வந்ததுக்குப் பாப்பம்" என்றார். அதில் கேலி குறைவாகவும் இரக்கம் கூடுதலாகவும் இருந்தது. றோஸுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ஏற்ற வந்தது ஒரு உழவு இயந்திரம். ஆலை நாளில் சின்னப் பிள்ளைகளை வயலைச் சுற்றிக் காட்டுவதற்காகப் பெரிய இழுவைப் பெட்டி பூட்டி, உள்ளே உட்கார வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் ஓட்வாரின் மனைவி. அறுபது தாண்டியவர், முழங்கால்வரை சப்பாத்து. பட்டுச் சேலைகளையும் சட்டிகளையும் நீலப் பெட்டிகளையும் பார்த்துவிட்டு, எல்லாம் ஏறும் என்று தலையாட்டினார்.

ஏறியது. மங்களேஸ்வரியைக் கீழிருந்து இரண்டு பேர் தள்ள, மேலிருந்து மூன்று பேர் இழுக்க, அவர் விசிறியை விடாமல் வைக்கோலில் போய் விழுந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டு புறப்பட்டதும் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பிறகு மறுபக்கம் சாய்ந்தார்கள். பிலேந்திரன் ஒரு கையால் பெரிய சட்டியையும் மறு கையால் சின்னச் சட்டியையும் அணைத்துப் பிடித்திருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டு றோஸே வியந்தார். பிள்ளை பிறந்த அன்றுதான் அப்படிச் சிரித்தவராம். பாதையோரத்துக் கோடைக் குடில்களிலிருந்து கோடை விடுமுறைக்காரர்கள் கைகாட்டினார்கள். இவர்களும் தேரில் போவதுபோல் கைகாட்டினார்கள். கடல் ஒரு பக்கம் கண்ணாடிபோல் கிடந்தது. அந்தக் கண்ணாடி றோஸுக்கு மட்டும் பிடிக்கவில்லை. சூசைரட்ணத்துக்கும் அது தெரிந்திருந்தது. அவர் கடலைப் பார்த்தார், பிறகு றோஸைப் பார்த்தார்.

குன்றின் உச்சியில் ஆலை நின்றது. படத்தில் இருந்ததைவிடப் பெரியது. கறுப்பு மரம், சாம்பல் கூரை, வானத்தில் பெருக்கல் குறிபோல் நான்கு இறக்கைகள். அசையவில்லை. ஓட்வார் உயரமானவர், மாவு படிந்த தொப்பி போட்டிருந்தார். எல்லோருக்கும் கை கொடுத்து, மன்னிக்க வேண்டும், இன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை என்றார். றோஸ் இறக்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பிடுவோம் என்றார். வேறு என்ன செய்ய?

புல்லில் விரிப்பு விரித்தார்கள். சட்டி திறந்ததும் புறப்படத் தயாராக நின்ற இரண்டு நோர்வேக் குடும்பங்கள் புறப்படவில்லை. ஓட்வாரும் மனைவியும் ஆளுக்கொரு தட்டு வாங்கினார்கள். மங்களேஸ்வரி ஆலைக்கு முன்னால் ஏழெட்டு விதமாக நின்று படம் எடுத்து முடித்தார். பிள்ளைகள் குன்றிலிருந்து உருண்டார்கள். மணி மூன்று ஆனது. ஓட்வார் எழுந்து, ஊர்ச் சங்கம் சொன்ன நேரம் முடிந்துவிட்டது என்றார். ஆனால் மீண்டும் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

சூசைரட்ணம் தட்டோடு எழுந்தார். வாயைத் துடைத்தார். சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று அவர் தீர்மானித்துவிட்டது தெரிந்தது. சகோதர சகோதரிகளே என்று மேடைக் குரலில் தொடங்கினார், மார்ச் மாதம் நடந்த கூட்டத்தை நினைவூட்டினார், நிபந்தனையை நினைவூட்டினார், சுவீடன் என்ற சொல்லுக்கு வாயைத் திறந்தார்.

அவருடைய காகிதத் தட்டு கையை விட்டுப் பறந்தது.

மிச்சப் புரியாணி மடிப்புக் குலையாத சேட்டில் விழுந்தது. அடுத்ததாக மங்களேஸ்வரியின் முந்தானை எழுந்து அவரது முகத்தையே மூடியது. பிறகு விரிப்பின் ஒரு மூலை, பிறகு ஒரு தொப்பி, பிறகு ஒரே நேரத்தில் இருபது காகிதத் தட்டுகள், வெள்ளைக் கொக்குகள் மாதிரி. கீழே கடல் கண்ணாடியாக இல்லை; முழுவதும் சுருக்கம். ஓட்வார் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு, எழுபது வயதுக்காரர் ஓடக்கூடாத வேகத்தில் ஓடினார். இறக்கைகளில் பாய்த்துணியை விரிக்க ஆள் வேண்டும் என்று கத்தினார். முதலில் போய்ச் சேர்ந்தவர், சேட்டில் சோறோடு, சூசைரட்ணம். கயிறு பிடிக்க அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு இறக்கையாகக் கீழே இறக்கி, துணி கட்டி, அடுத்ததை இறக்கினார்கள். ஓட்வார் உள்ளே போய்த் தடையை விடுவித்தார்.

மரம் முனகியது. மேல் இறக்கை ஒன்று தயங்கித் தயங்கிச் சாய்ந்தது. அடுத்தது மேலே வந்தது. பிறகு அது தயங்கவில்லை.

றோஸ் கத்தவில்லை, கை தட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் சுற்றினார்கள். மங்களேஸ்வரியும் சுற்றி, தன் சேலையில் தானே தடக்கி உட்கார்ந்தார்.

ஓட்வார் வெளியே வந்து மூச்சுவாங்க விளக்கினார். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் இங்கே கடற்காற்று எழும்பும், நல்ல கோடைநாளில் மூன்று மணிக்கு முன்னால் ஒரு மூச்சும் வராது என்றார். அப்படியென்றால் ஏன் பன்னிரண்டிலிருந்து மூன்று என்று வைத்திருக்கிறீர்கள் என்று றோஸ் கேட்டார். ஊர்ச் சங்கம் நேரத்தைப் பஸ் அட்டவணையைப் பார்த்து வைத்ததாம். நேரத்துக்கு வந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் நின்ற ஆலையைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஆலைக்குள் ஐந்து ஐந்து பேராகப் போனார்கள். தரை அதிர்ந்தது. கல்லுக்கு அடியிலிருந்து பார்லி மா இளஞ்சூட்டோடு மரத்தொட்டியில் கொட்டியது. சூசைரட்ணம் அதில் ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கிடையில் உரசினார். மணந்து பார்த்தார். இதிலே பிட்டு அவிக்கலாமா என்று றோஸிடம் ஒரு மாணவனின் குரலில் கேட்டார். அவிக்கலாம், கொஞ்சம் வறுக்க வேண்டும் என்றார் றோஸ். சுவீடன் கோழிக்காக வந்த மூன்று பெட்டிகளும் கழுத்துவரை மாவோடு இழுவைப் பெட்டியில் ஏறின. ஓட்வார் அன்று அரைத்த மாவில் அவருக்கே ஒரு பைதான் மிஞ்சியது.

மாலை மொஸ் நிலையத்துக்கு வந்தபோது ரயில்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அவர்களுடைய ரயில் மட்டும் பிந்தியது. நல்ல வெயில் இன்னும் ரயில் மேடையில் கிடந்தது. சூசைரட்ணம் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்றார். சேட்டில் மஞ்சள் கறை. குன்றில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். காலையில் அடக்கிவைத்த உண்மையைச் சொன்னார். ரயிலின் நேரம் ஒன்பது. எட்டே முக்கால் என்பது உண்மையான எட்டே முக்கால். ரயில் சரியாக ஓடியிருந்தால் போயிருக்கக்கூடியவர்கள் மூன்று பேர். மற்ற எல்லோரும் பிந்தித்தான் வந்தார்கள்.

எல்லோரும் றோஸைப் பார்த்தார்கள். றோஸ் தலையை ஆட்டினார்.

"உண்மைதான். சொன்னனான், நீங்கள் நம்பேல்லை."

மங்களேஸ்வரி விசிறியை மடக்கினார். "அப்ப ரயிலும் எங்கடை ஆள்தான் எண்டு சொல்லுங்கோ. காத்தும் எங்கடை ஆள்."

எல்லோருக்கும் சிரிப்பு வெடித்தது. ஒருவர் அடங்கினால் மற்றவர் தொடங்கினார். வெளியே போகும் ரயில் ஒன்றின் யன்னலில் முகங்கள் ஒட்டிக்கொண்டு பார்த்தன. பெட்டியின்மேல் நின்ற சூசைரட்ணம் முதலில் கண்டிப்போடு காத்திருந்தார். பிறகு அவரது தோளும் குலுங்கத் தொடங்கியது.

அடங்கியதும் அவரே விசயத்துக்கு வந்தார். நிபந்தனை நிபந்தனைதான், காத்தாடி சுற்றியது, அடுத்த வருடம் றோஸ் சொல்லும் இடம் என்றார். ஆனால் ஒரு திருத்தம் இருக்கிறது. றோஸ் இனிமேல் நேரம் சொல்லக் கூடாது. பொய் சொன்னாலும் பிரச்சினை, உண்மை சொன்னாலும் பிரச்சினை. நேரத்தைத் தானே சொல்லப்போவதாக அறிவித்தார்.

"உங்களை நம்புவினமே அண்ணை?" என்று றோஸ் கேட்டார்.

"என்னை ஒருத்தரும் நம்பாயினம். அதுதானே வேணும்."

கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் எழுந்தன. பிலேந்திரன் இரண்டு சட்டிகளையும் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார். அவருடைய இரண்டாவது கையைக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்ற வாக்குவாதம் ரயில் வரும்வரை நடந்தது.

அடுத்த சுற்றுலா 2004 ஜூன் பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, ஒரு பழைய கலங்கரை விளக்கத்துக்கு. ரயில் ஒன்பது மணிக்குப் புறப்படுகிறது. அறிவித்தலில் ஏழு என்று போட்டிருக்கிறது; வழமையான தொண்ணூறு நிமிடம் பிந்தினாலும் அரை மணித்தியாலம் மிஞ்சும். கீழே சூசைரட்ணத்தின் கையொப்பம்.